மாசம் எவ்வளவு வரும்?

திண்டுக்கல்லில் ஒரு வீட்டு உபயோகப் பொருள் ஷோரூமில் 2012இல் சேல்ஸ்மேனாகச் சேர்ந்தேன், இன்னும் அங்கேதான் நிற்கிறேன். டிவி, பிரிட்ஜ், வாஷிங் மெஷின், கோடை வந்தால் ஏசி. இந்தியாவில் இந்தச் சந்தை எப்படி மாறுகிறது என்று கம்பெனிக்காரர்கள் மீட்டிங்கில் கட்டம் கட்டமாகப் படம் போட்டுக் காட்டுவார்கள், ஸ்மார்ட் டிவி, பெரிய ஸ்க்ரீன், இன்வெர்ட்டர், ஏஐ என்று. கடைத் தளத்தில் நிற்கிற எனக்கு அந்தப் படத்தில் இல்லாத ஒரு மாற்றம்தான் பெரிதாகத் தெரிகிறது. வாடிக்கையாளர் கேட்கிற முதல் கேள்வியே மாறிவிட்டது.

நான் சேர்ந்த புதிதில் ஒரு குடும்பம் உள்ளே வந்தால் டிவியின் முதுகுப் பக்கம் எட்டிப் பார்ப்பார்கள், பிரிட்ஜ் கதவை நாலு தடவை திறந்து மூடுவார்கள், அப்புறம், "தம்பி, இது எத்தனை வருஷம் உழைக்கும்?" என்பார்கள். அடுத்த கேள்வி, "ரிப்பேர்னா இங்கயே ஆள் கிடைக்குமா?" விலை மூன்றாவதாகத்தான் வரும், அதற்குப் பேரமும் உண்டு. இப்போது பொருளைத் தொடுவதற்கு முன்பே, "அண்ணே, இது மாசம் எவ்வளவு வரும்?" என்கிறார்கள். எங்கள் விலை அட்டைகளும் அதற்கேற்ப மாறிவிட்டன. மாதத் தவணை உள்ளங்கை அகல எழுத்தில் மேலே இருக்கிறது, மொத்த விலை கீழே ஓரத்தில், கண்ணாடி போட்டுத்தான் படிக்க வேண்டும்.

தவணை நமக்குப் புதிதல்ல. சென்னையில் வி.ஜி.பி. நிறுவனம் ரேடியோவையும் கடிகாரத்தையும் தவணையில் கொடுத்தே பெயர் வாங்கியது. அங்கே வேலை பார்த்த வசந்தகுமார் 1978இல் தனிக்கடை போட்டு வசந்த் அண்ட் கோ ஆக்கியதும் அதே தவணை வழியில்தான். எங்கள் அப்பா 1989இல் ஒரு சாலிடேர் டிவி தவணையில் எடுத்தார். சாலிடேரும் டயனோராவும் சென்னைக் கம்பெனிகள், அன்றைக்கு நம் பக்கத்து வீடுகளில் அவைதான் நிறைய. மாதம் பிறந்தால் கடைப் பையன் சைக்கிளில் வந்து பணம் வாங்கிக்கொண்டு அட்டையில் கையெழுத்துப் போடுவான். தவணை ஒன்றரை வருடத்தில் முடிந்தது, டிவி அதற்குப் பிறகு பதினைந்து வருடத்துக்கு மேல் ஓடியது. நடுவில் இரண்டு தடவை எல்ஓடி என்ற பாகம் போனது, ஒரு தடவை ட்யூனர். மூன்று தடவையும் எங்கள் தெரு முனையில் இருந்த மெக்கானிக், அட்டைப் பெட்டி மேல் போர்டைக் கவிழ்த்து வைத்து ஈயம் உருகும் வாசனையோடு சரிசெய்து கொடுத்தார். 2006இல் ஆட்சிக்கு வந்த திமுக அரசின் 14 இன்ச் இலவச கலர் டிவி எங்கள் ரேஷன் கார்டுக்கும் வந்த பிறகுதான் அது ஓய்ந்தது.

அப்போது தவணை பொருளின் ஆயுளைவிடச் சிறியதாக இருந்தது, இன்றைக்கு அந்தக் கணக்கு தலைகீழாகப் போய்க்கொண்டிருக்கிறது. இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

முதலில் தவணை சந்தையை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று பாருங்கள். 32 இன்ச் டிவி மாதம் ஆயிரத்துக்குள் வருகிறது என்று வையுங்கள், 43 இன்ச் ஆயிரத்து எழுநூறு. வித்தியாசம் எழுநூறு ரூபாய்தான், அதுவும் மாசத்துக்கு. அந்த எழுநூறைச் சொன்னதும் கணவன் மனைவியைப் பார்ப்பார், மனைவி பிள்ளையைப் பார்ப்பாள், பிள்ளை ஏற்கெனவே பெரிய டிவி முன்னால்தான் நின்றுகொண்டிருக்கும். மொத்த விலையாகச் சொல்லியிருந்தால் ஒரு வாரம் யோசித்திருப்பார்கள். இப்படித்தான் 32 இன்ச் மெதுவாகப் பின்வரிசைக்குப் போனது, 43உம் 55உம் முன்னால் வந்தன. அரசாங்கமும் நீண்ட நாளாக 32 இன்ச்சில் ஒரு கோடு போட்டு வைத்திருந்தது. அதற்குள் இருந்தால் ஜிஎஸ்டி 18 சதவீதம், தாண்டினால் 28. 2025 செப்டம்பர் 22 அன்று அந்தக் கோடு அழிந்தது, பெரிய டிவி, ஏசி, டிஷ்வாஷர் எல்லாம் 18க்கு வந்துவிட்டன.

அதற்கு முந்தைய ஐந்து வாரத்தை நான் மறக்க மாட்டேன். ஆகஸ்ட் 15 அன்று பிரதமர் செங்கோட்டையில் வரிக் குறைப்பு வருகிறது என்று சொன்னார். மறுநாளிலிருந்து கடையில் ஈ ஆடியது. வந்தவர்களும் பார்த்துவிட்டு, "வரி குறையட்டும், அப்புறம் வர்றோம்" என்று போனார்கள். ஏசி வியாபாரத்துக்கு அந்த வருடம் ஏற்கெனவே அடி. மே மாதமே மழை வந்து கோடையைக் கரைத்துவிட்டது, கேரளத்தில் மே 24ஆம் தேதியே பருவமழை தொடங்கிய வருடம் அது. குடோனில் அவுட்டோர் யூனிட்டுகள் கூரை வரை அடுக்கிக் கிடந்தன. செப்டம்பர் 22ஆம் தேதி காலை ஷட்டரைத் தூக்கும்போது வாசலில் ஆட்கள் நின்றார்கள். 40,000 ரூபாய் ஏசி 36,875க்கு வந்தது. மூவாயிரத்துச் சொச்சம் மிச்சம். ஆனால் அன்றைக்கு வந்தவர்களில் பலர் அந்த மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை, அதே மாதத் தவணையில் ஒரு டன்னுக்குப் பதில் ஒன்றரை டன் எடுத்துக்கொண்டு போனார்கள்.

வட்டி இல்லாத தவணை என்று விளம்பரம் செய்கிற நோ காஸ்ட் இஎம்ஐ பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை ஒருத்தரும் உட்கார வைத்து விளக்குவதில்லை. வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது. ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்கு இதைத் தெளிவாகச் சொல்லி, பூஜ்ய வட்டி என்ற பெயரில் திட்டம் நடத்தக் கூடாது என்றது. அப்புறம் வந்ததுதான் இந்த வடிவம். 36,000 ரூபாய் டிவி, 12 மாதம், மாதம் 3,000. வங்கி 15 சதவீத வட்டி போடுகிறது என்று வைத்துக்கொண்டால் கடன் தொகை 33,238 ரூபாய்தான். மீதி 2,762 ரூபாயை கம்பெனியோ கடையோ தள்ளுபடியாகக் கழித்துக் கொடுக்கிறது, அதுவே வட்டியாக உங்களிடமிருந்து வங்கிக்குப் போகிறது. கிரெடிட் கார்டில் எடுத்தால் அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு, கிட்டத்தட்ட 500 ரூபாய், அது உங்கள் தலையில். அதற்கு மேல் பிராசஸிங் கட்டணம். ரொக்கமாகக் கொடுக்கிறவர் அந்த 2,762ஐ விலையில் குறைத்துக் கேட்கலாம், கேட்டால் பாதியாவது கிடைக்கும். கேட்கிறவர்கள் குறைந்துபோனார்கள்.

தவணையே கெட்டது என்று நான் சொல்லவே மாட்டேன். கார்மெண்ட்ஸில் வேலை பார்க்கிற ஒரு அக்கா போன வருடம் ஒரு செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷின் எடுத்தார். காலை ஷிப்டுக்குப் போவதற்கு முன் ஐந்து பேர் துணியைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டுப் போகிறவர். விரல் இடுக்கெல்லாம் சோடாவில் வெந்து தோல் உரிந்திருந்தது. ரொக்கம் சேர்த்துத்தான் வாங்க வேண்டும் என்றால் அந்த மெஷின் அவர் வீட்டுக்குள் வந்தே இருக்காது. ஏசியும் அப்படித்தான். இந்தியாவில் பெரும்பாலான வீடுகளில் இன்னும் ஏசி இல்லை. தகரக் கூரையின் கீழ் கைக்குழந்தையோடு மே மாதத்தைத் தள்ளுகிறவர்களுக்கு முதல் ஏசி ஆடம்பரம் இல்லை. அவர்களுக்குத் தவணைதான் கதவு, அந்தக் கதவை யாரும் மூடக் கூடாது.

ஆனால் அந்தக் கதவு வழியாக உள்ளே வருகிற பொருள் எத்தனை நாள் நிற்கும் என்பதுதான் என் கவலை.

என் வீட்டிலேயே நடந்தது. 50 இன்ச் டிவி ஒன்று 24 மாதத் தவணையில் எடுத்தேன். கம்பெனி பெயர் வேண்டாம். பதினைந்தாவது மாதம் ஒரு ராத்திரி இடது ஓரத்தில் மேலிருந்து கீழே ஒரு கோடு, தையல் நூல் அகலம், பச்சை நிறம். முதலில் சேனலில் கோளாறு என்று நினைத்தோம். நாலு நாளில் அது விரல் அகலமாகி, பக்கத்தில் ஒரு நிழல் விழுந்து, செய்தி வாசிப்பவரின் பாதி முகம் சாம்பலாகத் தெரிந்தது. சர்வீஸ் பையன் வந்தான், செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தான், மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. "பேனல் போச்சு சார்." வாரண்டி ஒரு வருடம், முடிந்து மூன்று மாதம். பேனல் மாற்ற 26,000 ரூபாய். நான் அந்த டிவியை வாங்கியதே 34,000க்கு, அன்றைய தேதியில் அதே மாடல் எங்கள் கடையில் 31,000. டிவி சுவரில் இருட்டாகத் தொங்கியது, என் கணக்கிலிருந்து மாதம் ஐந்தாம் தேதி தவணை போய்க்கொண்டே இருந்தது, இன்னும் ஒன்பது மாதம்.

இந்தத் தொழிலில் இருக்கிற எனக்கே இப்படி. அப்போதுதான் இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பெரும்பாலான டிவிகளுக்கு வாரண்டி 12 மாதம். நாங்கள் போடுகிற தவணை 18, 24 என்று நீண்டுகொண்டே போகிறது. பொருளுக்கான பொறுப்பு கம்பெனிக்கு முடிந்துவிடுகிறது, கடன் நமக்கு முடிவதில்லை. நடுவில் இருக்கிற அந்த ஆறு மாதம், ஒரு வருடம், அதற்கு யாரும் பொறுப்பில்லை. தவணையை இத்தனை மாதம் இழுக்கலாம் என்று முடிவு செய்கிறவர்கள் வாரண்டியையும் அத்தனை மாதம் கொடுக்கட்டும். இது பெரிய கோரிக்கையா என்ன? கடன் கொடுக்கிற நிறுவனமும் தயாரிக்கிற கம்பெனியும் சேர்ந்து உட்கார்ந்துதான் அந்த ஆஃபரையே போடுகிறார்கள், எங்கள் கடைக்கு இரண்டு பேரும் ஒரே போஸ்டரைத்தான் அனுப்புகிறார்கள்.

பேனல் ஏன் இவ்வளவு விலை என்று கேட்கலாம். ஒரு எல்இடி டிவியின் செலவில் பாதிக்கு மேல் அந்தக் கண்ணாடித் தகடுதான், அதை நாம் இன்னும் இங்கே செய்வதில்லை, பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகிறது. 2020 ஜூலையில் முழு டிவிகளை இறக்குமதி செய்யக் கட்டுப்பாடு வந்தது, அதன் பிறகு கம்பெனிகள் இங்கேயே பொருத்துகின்றன, அட்டைப் பெட்டியில் இந்தியாவில் தயாரித்தது என்று அச்சிட்டிருக்கிறது. வேலைவாய்ப்புக்கு அது நல்லதுதான், எங்கள் ஊர்ப் பையன்கள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போய்ச் சம்பாதிக்கிறார்கள். ஆனால் பழுது என்று வரும்போது, இங்கே பொருத்தியதா அங்கே பொருத்தியதா என்பதால் பேனல் விலை குறைவதில்லை. தெரு முனை மெக்கானிக்குக்கும் அங்கே வேலை இல்லை. பவர் சப்ளை போனால் பார்ப்பார், பேக்லைட் பட்டை மாற்றுவார், பேனல் என்றால் கையை விரித்துவிடுவார். எங்கள் தெரு மெக்கானிக் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் டெம்பர்ட் கிளாஸ் ஒட்டுகிறார்கள்.

செல்போனைப் பற்றி நிறைய பேர் நிறைய எழுதிவிட்டார்கள், நான் சுருக்கமாகச் சொல்கிறேன். 2014 ஜூலையில் ஷாவ்மி வந்து ஃபிளிப்கார்ட்டில் நொடிக் கணக்கில் போன் விற்றபோது கடை வியாபாரம் அவ்வளவுதான் என்றார்கள். அதுவரை கோலோச்சிய மைக்ரோமேக்ஸ் சில வருடத்தில் காணாமல் போனது, 2017 கடைசியில் ஷாவ்மி சாம்சங்கையும் தாண்டியது. ஆனால் கடை சாகவில்லை. விவோவும் ஓப்போவும் சின்ன ஊர்க் கடை வாசலில்கூடப் போர்டு மாட்டி, உள்ளே ஆள் நிறுத்தி மேலே வந்தன, 2016 செப்டம்பரில் வந்த ஜியோ எல்லோர் கையிலும் டேட்டாவைக் கொடுத்தது. இன்றைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 15 கோடி ஸ்மார்ட்போன் விற்கிறது, சில வருடமாக அந்த எண்ணிக்கை பெரிதாக ஏறவில்லை. ஏறியது விலைதான். அதைத் தூக்கிப் பிடிப்பதும் தவணைதான். நோக்கியா 2014 நவம்பரில் மூடிவிட்டுப் போன அதே ஸ்ரீபெரும்புதூரில் இன்று ஐபோன் தயாராகிறது, அதை 24 மாதத் தவணையில் வாங்க இங்கே கல்லூரிப் பிள்ளைகள் அப்பாவின் ஆதாரோடு வந்து நிற்கிறார்கள்.

ஏசியில்தான் மனுஷர்கள் அதிகம் ஏமாறுவதைப் பார்க்கிறேன். "கம்ப்ரஸருக்கு 10 வருஷம் வாரண்டி" என்று ஸ்டிக்கர் பளபளக்கும். வீட்டில் அடிக்கடி போவது கம்ப்ரஸர் இல்லை. காயிலில் நுண்ணிய ஓட்டை விழுந்து கேஸ் கசியும், மின்னழுத்தம் ஏறி இறங்கி பிசிபி போர்டு போகும். போர்டுக்கு எத்தனை வருடம், காயிலுக்கு எத்தனை வருடம், கேஸ் நிரப்பும் செலவு யாருடையது, இதைத்தான் கேட்க வேண்டும். காயில் காப்பரா அலுமினியமா என்று கேட்பவர்கள் இப்போது அதிகம், நல்லது. ஸ்டார் லேபிளில் வருடத்தையும் பாருங்கள். 2022 ஜூலையிலும் 2026 ஜனவரியிலும் அளவுகோலை இறுக்கியிருக்கிறார்கள், 2025இன் ஐந்து ஸ்டார் 2026 கணக்கில் நாலுதான். பழைய ஸ்டாக் மலிவாகக் கிடைத்தால் வாங்கலாம், தவறில்லை, ஆனால் நாலு ஸ்டார் விலைக்கு வாங்குங்கள். அப்புறம் கரண்ட் பில். நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறுகிறது. மாதத் தவணையில் 300 ரூபாய் குறைகிறதே என்று மூன்று ஸ்டார் எடுத்தவர்கள் ஜூனில் வந்து பில்லைக் காட்டும்போது எனக்குப் பதில் இருப்பதில்லை.

அரசாங்கம் சும்மா இருக்கிறது என்று சொல்ல முடியாது. பழுதுபார்க்கும் உரிமைக்காக 2022 டிசம்பரில் ஒரு இணையதளம் தொடங்கினார்கள். போன், மின்னணுப் பொருள்களை எவ்வளவு சுலபமாகப் பழுது பார்க்கலாம் என்று மதிப்பெண் போட ஒரு குழு அமைத்து, அதன் அறிக்கையும் 2025 மே மாதம் வந்துவிட்டது. பிரான்சில் 2021இலேயே கடையில் விலை அட்டைக்குப் பக்கத்தில் அப்படி ஒரு மதிப்பெண் வந்துவிட்டது. இங்கேயும் ஸ்டார் லேபிள் ஒட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் அது வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஸ்டார் லேபிளை நம் ஜனங்கள் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். பத்தாவது தாண்டாத பாட்டிகூட, "ஏம்ப்பா, இதுல மூணுதான் கலர் அடிச்சிருக்கு" என்று கேட்கிறார். மதிப்பெண்ணையும் அப்படிப் படித்துவிடுவார்கள்.

அது வரும்வரை நான் ஒன்று செய்கிறேன். பில் போட்டதும் பின்பக்கம் பேனாவால் இரண்டு தேதி எழுதிக் கொடுக்கிறேன். வாரண்டி முடிகிற நாள், கடைசித் தவணை போகிற நாள். மேனேஜருக்கு முதலில் பிடிக்கவில்லை, பிறகு விட்டுவிட்டார்.

போன மாதம் மில்லில் வேலை பார்க்கிற ஒருவர் மனைவியோடும் மாமியாரோடும் வந்தார். 43 இன்ச், 24 மாதத் தவணை, எல்லாம் பேசி முடித்து பைனான்ஸ் கவுண்டரில் ஓடிபி வரக் காத்திருந்த நேரம். நான் ஒரு துண்டுத்தாளில் அந்த இரண்டு தேதியையும் முன்கூட்டியே எழுதி அந்தப் பெண்ணிடம் நீட்டினேன். வாங்கிப் பார்த்தார். விரலை ஒரு தேதியிலிருந்து இன்னொரு தேதிக்கு நகர்த்தி மாதங்களை எண்ணினார்.

"அண்ணே, நடுவுல இந்த ஒரு வருஷம் கெட்டுப்போனா?"

எக்ஸ்டெண்டட் வாரண்டிக்கு எவ்வளவு ஆகும் என்று சொன்னேன். அதையும் மாதத் தவணையில் சேர்க்கலாம் என்று பைனான்ஸ் பையன் சொன்னான். அந்தப் பெண் அவனைப் பார்க்கவே இல்லை. "கம்பெனியே ரெண்டு வருஷம் குடுக்கிற டிவி எதுவும் இருக்கா?" என்றார். இருந்தது, பின்வரிசையில், பெயர் கொஞ்சம் சின்ன பெயர், ஓரம் சற்றுத் தடிமன். மாமியார் அதன் முதுகுப் பக்கம் எட்டிப் பார்த்தார். கணவர் கையிலிருந்த போனில் ஓடிபி வந்து விழுந்தது, அவர் அதைச் சொல்ல வாயெடுக்கும்போது அந்தப் பெண், "இருங்க" என்றார்.